சாப்பிடாத குழந்தை

நான் டிவியில் நடித்திருக்கிறேன். ஆபீஸில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்ன வேஷம் என்று கேட்பார்கள். சாப்பிடாத குழந்தை வேஷம் என்பேன். உடனே டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இப்போதைய உடம்பைப் பார்த்தால் எனக்கே சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்தில், ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் கேபிள் இழுத்திருந்த வீடுகளில் எல்லாம், சாயங்கால நேரத்துச் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு மேஜை மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தது சாட்சாத் நானேதான்.

மேல உத்திர வீதியில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் அப்போது குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அம்மா கல்யாணங்களுக்குப் பட்சணம் செய்து கொடுப்பாள். முறுக்கு, அதிரசம், லாடு, பருப்புத் தேங்காய் எல்லாம் உண்டு. அதிலும் அவள் கையால் சுற்றுகிற சீர்முறுக்கு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நூல் இடைவெளி கூட இருக்காது. எங்கள் வீதியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதலில் அம்மாவிடம் வந்து தேதி சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். வீதியைத் தாண்டித்தான் அவள் பெயர் இன்னும் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கல்யாணத்துக்குச் செய்துவிட்டால் போதும், அப்புறம் தானாக வரும் என்று அப்பாவிடம் அடிக்கடி சொல்வாள்.

பட்சணம் செய்கிற வீட்டில் பிறந்த குழந்தை எப்படிச் சாப்பிடும்? நான் அப்படித்தான் சாப்பிட்டேன். உடைந்த முறுக்கு, வடிவம் சரியாக வராத லாடு, பாகு முற்றிப்போன அதிரசம் எல்லாம் என் பங்கு. அதற்கு மேல் வேளாவேளைக்குச் சாப்பாடு வேறு. ஆனால் போட்டதெல்லாம் எங்கே போயிற்றோ, உடம்பில் ஒரு பொட்டு சதை கிடையாது. காலும் கையும் குச்சி. பள்ளிக்கூடத்தில் காற்றடித்தால் என்னை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சரே கேலி செய்வாள்.

நான் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன் என்பது வெளியே தெரியக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்குத் தட்டு போடும்போது அம்மா அடுப்பங்கரைக் கதவைத் தாழ் போட்டுவிடுவாள். யாராவது வந்து, “குழந்தை சாப்பிட்டாளா?” என்று கேட்டால், “எங்க மாமி, ரெண்டு வாய் கொறிச்சா. உள்ளயே இறங்க மாட்டேங்கறது” என்பாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், வாயோரத்தில் சாம்பார் ஒட்டிக்கொண்டிருக்கும். திருஷ்டிக்குப் பயந்து குழந்தை சாப்பிடவில்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீதியில் எல்லா அம்மாக்களுக்கும் உண்டு. மற்றவர்கள் அதை ஒரு மரியாதைக்குச் சொல்வார்கள். என் அம்மா சொல்லும்போது குரல் லேசாக நடுங்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணா இருந்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே மடிப்பு மடிப்பாகச் சதை வைத்து, பார்க்கிறவர்கள் வாங்கிக் கொஞ்சாமல் விடமாட்டார்களாம். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்காரர் குழந்தைகளுக்கான மாவு விற்பனைக்காகக் கொழுகொழு குழந்தைப் போட்டி ஒன்று நடத்தினார். அண்ணாவுக்கு முதல் பரிசு. படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடைவாசலில் மாட்டிவிட்டார்கள். அம்மா ஒரு வேலையும் இல்லாவிட்டால் கூட அந்தத் தெரு வழியாகப் போவாளாம். தெரிந்தவர்கள் யாரையாவது பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், “பாருங்கோ, எங்காத்துப் பிள்ளை” என்று காட்டுவாளாம். அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவனை விடவில்லை. அவன் போன பிறகும் கடைவாசலில் படம் கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா போய்க் கேட்டு இறக்கச் சொன்னார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணாவின் சின்னப் போட்டோ ஒன்று அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாடப் புத்தகத்தில் வருகிற ராஜாக்களைத் தெரிந்துகொள்வது போல அவனையும் தெரிந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். அவனுக்கும் அடுப்பங்கரைத் தாழ்ப்பாளுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்கு டிவி என்றால் உயிர். அதிலும் விளம்பரம்தான் எனக்கு நிகழ்ச்சி. மற்றவர்கள் விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள், நான் அப்போதுதான் ஓடிவந்து உட்காருவேன். விளம்பரத்தில் அழுக்கான சட்டை உடனே வெளுத்துவிடும். அழுகிற குழந்தை உடனே சிரித்துவிடும். குட்டையாக இருப்பவன் பள்ளிக்கூடக் கதவுக்கு மேலே எட்டிப் பார்ப்பான். நாடகத்தில் ஒருத்தி அழ ஆரம்பித்தால் தீபாவளி வரைக்கும் அழுவாள், எனக்குப் பொறுமை கிடையாது. சோப்பு, பற்பொடி, மிட்டாய் எல்லாவற்றின் பாட்டும் எனக்கு மனப்பாடம். வாய்ப்பாடு மட்டும் வரவே வராது. “பெருமாளே, இந்தப் பொட்டியிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வரப்படாதா!” என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, உள்ளூர் கேபிள்காரரிடம் வேலை பார்த்தார். கல்யாண வீடியோ எடுப்பது போக, உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரப் படமும் அவர்தான் பிடித்துக் கொடுப்பார். ஒருநாள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளைக்கூடச் சரியாக நிறுத்தாமல் உள்ளே ஓடிவந்தார்.

“அக்கா, தில்லை நகர்ல ஒருத்தர் சத்துப் பவுடர் போடறார். விளம்பரத்துக்கு ஒரு குழந்தை வேணும். நம்ம குழந்தையையே போட்டுடலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

நான் அங்கேயே குதிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலேயே, “வேண்டாம்டா” என்றாள். நான் தரையில் உருண்டேன். அப்பா, “போறா விடேன், ஆசைப்படறா” என்றார். மாமா கெஞ்சினார். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

“இவ சாப்பிடறாப்பலயோ குடிக்கறாப்பலயோ ஒண்ணும் காமிக்கப்படாது. ஊரே பார்க்கும். சத்தியம் பண்ணு.”

மாமா அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பாவம், அந்தச் சத்தியத்தை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். எல்லாக் கஷ்டமும் அதனால் வந்ததுதான். அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் நான் சாப்பிடுவதில்லை என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மாமாவும் அதை உண்மை என்றே நம்பியிருந்தார்.

படப்பிடிப்பு தில்லை நகரில் ஒரு மாடி வீட்டில் நடந்தது. மேஜை, நாற்காலி, கண்ணைக் கூசும் விளக்கு, குடை மாதிரி ஏதோ ஒன்று. மேக்கப் போடுகிறவர் என் கண்ணுக்குக் கீழே கரியைத் தடவி, கன்னத்தையும் ஒட்டிப்போன மாதிரி ஆக்கினார். சினிமாவில் மேக்கப் என்றால் அழகாக்குவார்கள் என்று நினைத்திருந்தேன், கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் அம்மாவாக நடிக்க நாடகத்தில் நடிக்கிற ஒரு பெண் வந்திருந்தாள். அவள் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, “டாக்டர், என் பொண்ணு எதுவுமே சாப்பிட மாட்டேங்கறா!” என்று சொல்ல வேண்டும். நான் தட்டைத் தள்ளிவிட்டு மேஜையில் தலை சாய்க்க வேண்டும்.

தட்டில் ஹோட்டல் இட்லி, மேலே கெட்டிச் சட்னி. விளக்கைச் சரி செய்கிறார்கள், காமிராவை நகர்த்துகிறார்கள், சும்மா உட்கார்ந்துகொண்டு எத்தனை நேரம்தான் பார்ப்பது? எல்லாரும் திரும்பியபோது தட்டு காலி. மாமா அரண்டுபோய்விட்டார். “ஏன்டி, சாப்பிடவே மாட்டேன்னு அக்கா சொன்னா?” என்றார். மறுபடியும் இட்லி வாங்கிவர ஆளை அனுப்பினார்கள். அதிலும் பாதியைக் காப்பாற்றியது மாமாவின் கைதான். அவர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பவுடர் குடித்துத் தேறிவிட்ட குழந்தையாக நடிக்க வந்தது பவுடர்காரரின் சொந்தப் பெண். என் வயதுதான், என்னைப்போல் இரண்டு மடங்கு. விளம்பரப்படி, டாக்டர் சொன்ன பவுடரைக் குடித்ததும் நான் அவளாகிவிட வேண்டும். ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரி ரிப்பன். அவள் டம்ளரைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தாள், ஒரு வாய் குடித்துத் துப்பினாள், பிறகு ஓ என்று அழுதாள். “வீட்டுலயும் இப்படித்தாங்க. சாப்பாட்டைக் கண்டாலே ஓடும்” என்று அவள் அம்மா மாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். டம்ளரில் இருந்தது பவுடர் கூட இல்லை, டீக்கடையிலிருந்து வந்த பால். பவுடர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், காலி. புதுச் சரக்கு இன்னும் வரவில்லையாம். அவள் மிச்சம் வைத்த பாலை ஓரமாக நின்று நான்தான் குடித்து முடித்தேன்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் முதல் தடவை வந்த அன்று அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அம்மா மாவுக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். பாட்டு முடிந்தது. திரையில் இட்லித் தட்டு வந்தது, அப்புறம் கரி தடவிய என் மூஞ்சி. அந்த நாடகக்காரி என் தலையைத் தடவிக்கொண்டே, “டாக்டர், என் பொண்ணு எதுவுமே சாப்பிட மாட்டேங்கறா!” என்றாள். “உங்கள் குழந்தையும் இப்படியா?” என்று ஒரு கனத்த குரல் கேட்டது. பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்து, நான் இருந்த இடத்தில் அந்தக் குண்டுப் பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் அம்மா இல்லை.

மறுநாள் மாமா வந்தபோது அம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, என் மானத்தை வாங்கணும்னே எடுத்தியா?”

“நீதானேக்கா சாப்பிடறாப்பலயே காமிக்காதேன்னே! நிஜமாவும் அவ சாப்பிடறதில்லைன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கே. நான் புதுசா என்ன சொல்லிட்டேன்?”

சொல்வதற்கு அம்மாவுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைத்தான் அவளால் சொல்ல முடியாது. மாமா கேபிள்காரரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பவுடர்காரர் முன்பணம் கட்டிவிட்டதால் விளம்பரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

எனக்கோ ராஜ யோகம். முனையில் பூக்கட்டுகிற அம்மாள் என்னைக் கண்டால் கூப்பிட்டு, “இந்தா கண்ணு, ஒரே ஒரு பழம் சாப்பிடு, அக்காவுக்காக” என்று வாழைப்பழத்தை உரித்து வாயில் திணிப்பாள். பள்ளிக்கூட ஆட்டோக்காரர், “பாப்பாவுக்குப் பசியே எடுக்காதாங்க?” என்று என்னையே மரியாதையாகக் கேட்டுவிட்டு, வழியில் வண்டியை நிறுத்திப் பன் வாங்கிக் கொடுப்பார். எதிர்வீட்டு மாமி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தயிர்சாதம் பிசைந்து போடுவாள். நான் யார் மனதையும் நோக அடிக்காத குழந்தை. கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. “எங்காத்துல உக்காத்தி வெச்சுப் போட்டா நன்னாத்தான் சாப்பிடறா” என்று எதிர்வீட்டு மாமி நாலு பேரிடம் சொன்னாள். பூக்கட்டுகிற அம்மாளும் அதையே சொன்னாள். அப்படியானால் பெற்றவள் சமையலில்தான் ஏதோ குறை என்று பேச்சு வந்தது. பட்சண வியாபாரத்தில் குழந்தையைக் கவனிக்க நேரம் இல்லையோ என்று ஒருத்தி கேட்டாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். பூச்சி மருந்து கொடுங்கள், வசம்பு தேய்த்துக் கொடுங்கள், எதற்கும் ஒரு தடவை தில்லை நகர் டாக்டரிடம் காட்டுங்கள் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் யோசனை சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட, நான் ஊர் பார்க்க வாய் நிறையச் சாப்பிடுகிறேன் என்பதுதான் பெரிய பயம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சுற்றிப்போட்டுக்கொண்டிருந்தவள், தினமும் உப்பும் மிளகாயும் எடுக்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் எனக்குள்ளும் ஒன்று நடந்தது. விளம்பரத்தைத் தினமும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, மேஜையில் தலை சாய்த்துக் கிடக்கும் அந்தக் குழந்தையைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்தது கரி என்பது மறந்துபோயிற்று. டீக்கடைப் பாலும் காலி டப்பாவும் எங்கேயோ போய்விட்டன. கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்ப்பேன். எனக்கு ஏதோ பெரிய வியாதி, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறேன் என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் தலை சாய்த்து உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் அம்மாவிடம் போய் அழுதேன்.

“எனக்கு அந்தப் பவுடர் வாங்கிக் குடும்மா. இல்லேன்னா நான் இப்படியேதான் இருப்பேன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏன்டி, நீதானே நடிச்சே? டப்பா காலின்னு நீதானே வந்து சொன்னே?”

“ஆமாம். ஆனா அந்தப் பொண்ணு குடிச்சுட்டு எப்படி ஆயிட்டா பார்த்தியா?”

“அந்தப் பொண்ணு துப்பினான்னும் நீதான்டி சொன்னே!”

“டிவில துப்பலையே.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தில்லை நகரிலிருந்து ஒரு பெரிய கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் பிறந்த வீடு எங்கள் வீதி. பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் முறுக்கைச் சாப்பிட்டவராம். மாப்பிள்ளை வீட்டார் மெட்ராஸ்காரர்கள், பெரிய மனுஷர்கள், ஆயிரம் குறை சொல்கிறவர்கள். அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி சீர் பட்சணம் வேண்டும் என்றார். அம்மா எத்தனையோ நாளாகக் காத்திருந்த கல்யாணம் அது. அப்பாவை அனுப்பிப் புது வாணலி கூட விலை கேட்டு வைத்திருந்தாள். நல்லநாள் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெற்றிலைபாக்குக் கொடுத்து முடித்துக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பெண்ணின் அம்மா தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜமக்காளம் விரித்து, காபி கொடுத்து, தட்டில் ஒரு சீர்முறுக்கை வைத்து அம்மா கொண்டுவந்தாள். அந்த நாத்தனார் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு விள்ளல் வாயில் போட்டார், தலையை ஆட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அப்போதுதான் அடுப்பங்கரையில் தாழ்ப்பாளுக்குப் பின்னால் தோசையும் மிளகாய்ப்பொடியுமாக ஒரு கை பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“அட, இது டிவில வர குழந்தைன்னா!” என்றார் நாத்தனார்.

நான் பெருமையாக நின்றேன். கேட்பதற்கு முன்பே தலையைத் தோளில் சாய்த்து நடித்தும் காட்டினேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ. சம்பந்தியாத்துல நாக்கு ஒரு மாதிரி. பெத்த குழந்தையே தொடாத கையாம், அந்தக் கையாலதான் நமக்குச் சீர் பட்சணமாம்னு யாராவது சொல்லி வெச்சுட்டா, பொண்ணுதான் நாளைக்குக் கேட்டுக்கணும். இந்தத் தெருவுலயே ரெண்டு பேர் என்கிட்ட சொல்லிட்டா. அடுத்தாத்துல எல்லாம் சாப்பிடறா, இங்கதான் சாப்பிடறதில்லைன்னு.”

பெண்ணின் அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “அதெல்லாம் விளம்பரத்துக்காகப் பண்றது. இல்லையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது வெறும் நடிப்பு, குழந்தை ஆத்துல நன்னாச் சாப்பிடறான்னு சொல்லிடுங்கோ. அதோட விட்டுடலாம்” என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. வெற்றிலைபாக்குத் தட்டு நடுவில் காத்துக்கொண்டிருந்தது.

ஒரே வார்த்தைதான். என் மூச்சில் மிளகாய்ப்பொடி வாசனை கூட அடித்திருக்கும். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் உதடு அசைந்த மாதிரி இருந்தது, பிறகு இறுகிக்கொண்டது. எனக்கானால் தாங்கவில்லை. “நான் இப்பத்தான்...” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. மாவு சுற்றுகிற கை, நல்ல பலம். நான் நிறுத்திக்கொண்டேன்.

“சாப்பிடறதில்லை மாமி,” என்றாள் அம்மா. “என்ன பண்ணிப் போட்டாலும் உள்ள இறங்கறதில்லை.”

அப்பா திண்டாடிப்போய் டம்ளர்களை எடுத்து அடுக்கினார். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்தார்கள். அம்மா குங்குமம் கொடுத்து வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினாள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. கல்யாணத்துக்கு வேறு யாரோ செய்தார்கள், முறுக்கு கடக்முடக்கென்று இருந்ததாம் என்று அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். புது வாணலி வாங்கவில்லை.

அவர்கள் போனதும் அப்பா, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மெல்லக் கேட்டார். அம்மா, “ஒரு தடவை அந்தக் கடைவாசல்ல நின்னு சொன்னது போறும்னா” என்றாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. டிவியில் அந்த நாடகக்காரி சொன்னதை இப்போது என் அம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நான் பொய்யாக நடித்தேன் என்றால் அம்மா ஏன் அதையே சொல்ல வேண்டும்? டிவியில் வருவது பொய்யாக இருக்கலாம், அம்மா சொல்வது எப்படிப் பொய்யாகும்? அப்படியானால் நான் நிஜமாகவே சாப்பிடுவதில்லை. எனக்கு ஏதோ வியாதி. யாரும் என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். அன்று பகல் முழுவதும் இந்த யோசனையிலேயே கிடந்தேன்.

சாயங்காலம் அம்மா என்னை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டு, வழக்கம்போல் கதவைத் தாழ் போட்டாள். அன்று என்னவோ ஜன்னலையும் சாத்தினாள். உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். பிறகு உட்கார வைத்து, தோசை வார்க்க ஆரம்பித்தாள். நெய் விட்டு, முறுகலாக, ஓரம் சிவக்கச் சிவக்க ஒன்றன்பின் ஒன்றாக. நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வயிறு நிறைந்தது, மனசு மட்டும் சமாதானமாகவில்லை. வாயில் தோசையை வைத்துக்கொண்டே கேட்டேன்.

“அம்மா, நான் நிஜமாச் சாப்பிடறேனா?”

தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். காலியான தட்டைப் பார்த்தாள். பிறகு தாழ் போட்ட கதவையும் சாத்திய ஜன்னலையும் பார்த்தாள். அங்கே எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் இல்லை. அப்படி இருந்தும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இல்லைடி கண்ணா,” என்றாள். “நீ சாப்பிடவே இல்லை. இன்னொண்ணு போட்டுக்கோ.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சுற்றிப்போட்ட மிளகாயின் நெடி என்று நினைத்தேன். எனக்கு வியாதி என்பதை அம்மாவே தன் வாயால் சொல்லிவிட்டாள், இனிமேல் பிழைக்க மாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டு, விக்கி விக்கி அழுதபடியே அந்தத் தோசையையும் சாப்பிட்டு முடித்தேன்.